முப்பத்தொரு பேர் எழுந்து போனார்கள்

செப்டம்பர் 2, சனி

மூன்று மாசமாக இந்த டைரியைத் தொடவில்லை. இன்றைக்கு உட்கார்ந்ததற்குக் காரணம் இவர்தான். "ரெஜி, தேதி போட்டு எழுதி வை. என் படம் வர்ற வருஷம்" என்று காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு.

என் படமாம்! சவரிமுத்து, துணை நடிகர், இருபத்தாறு வருஷ சர்வீஸ். போலீஸ் வேன் பின்னால் ஓடியிருக்கிறார், கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பிணமாகப் படுத்தது மட்டும் நாற்பது படத்துக்கு மேல். பிணமாக நடித்து முடித்ததும் கேமரா முன்னால் ஒரு தரம் சிரிக்க வைத்து அனுப்புவார்கள், ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று. "என் மூஞ்சி முழுசா தெரியிறது அந்தச் சிரிப்புல மட்டும்தான். அதையும் படத்துல வைக்க மாட்டானுங்க" என்று இவரே கிண்டலடிப்பார்.

இந்தப் படத்தில்தான் முதல் தடவையாக ஒரு முழு சீன். நாலு நிமிஷம். ஹீரோவுக்கு அப்பா. ரேஷன் கடையில் எடை போடுகிற ஆள், மகன் படிக்கிற காலேஜ் ஹாஸ்டலுக்கு மீன் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு போகிறார். கூட்டாளிகள் முன்னால் மகன் "பக்கத்து வீட்டுக்காரர்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். இவர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தானே சாப்பிடுகிறார். ஊரிலிருந்து மனைவி போன் பண்ணுகிறாள். "சாப்ட்டான். ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டான்" என்கிறார். அவ்வளவுதான் வசனம். டைரக்டர் யூசுப் சின்னப் பையன், முப்பது வயசுகூட இருக்காது. கூட்டத்தில் நின்ற இவரைப் பார்த்துக் கூப்பிட்டுக் கொடுத்த வேஷம்.

படத்தை எடுப்பது நான் வேலை பார்க்கிற கம்பெனி. யூசுப்பைத் தவிர அங்கே யாருக்கும் இவர் என் வீட்டுக்காரர் என்று தெரியாது. தெரிந்தால் படத்தைப் பற்றி நான் எழுதுகிற ரிப்போர்ட்டுக்கு என்ன மரியாதை?

நேற்று டாக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். இனிமேல் இவருக்கு மாசாமாசம் போடுகிற அந்த ஊசி வேண்டாமாம். பத்தியம் எதுவும் கிடையாது, எது கேட்டாலும் கொடுங்கள் என்றார். அதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்? இவர் நெத்திலி கேட்டார். வறுத்துக் கொடுத்தேன், நாலு தின்றார். இருமல்தான் விட்டபாடில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

பிரிவ்யூ இன்றைக்கு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

என் வேலையை விளக்கிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். படம் ரிலீஸ் ஆவதற்கு முன்னால் காலேஜ் பிள்ளைகள், ஆட்டோ ஸ்டாண்டு, தையல் கம்பெனி என்று நாலா பக்கமும் ஆள் பிடித்து ஓசியில் படம் காட்டுவோம். முடிந்ததும் ஆளுக்கொரு அட்டை. நல்லா இருக்கு, பரவாயில்லை, போர் என்று மூன்று கட்டம், அதில் ஒரு டிக். பெயர், போன் நம்பர். படம் ஓடும்போது நான் கதவோரம் திரைக்கு முதுகைக் காட்டி நிற்பேன். எந்த சீனில் எத்தனை பேர் எழுந்து வெளியே போகிறார்கள் என்று எண்ணுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. படம் பார்த்ததைவிட படம் பார்க்கிற மூஞ்சிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். "டைரக்டர் பொய் சொல்லுவான், விமர்சனம் பொய் சொல்லும், ரெஜினாவோட கதவு பொய் சொல்லாது" என்பார் முதலாளி தணிகாசலம்.

இன்டர்வெல்லுக்கு அப்புறம் முதல் சண்டை முடிந்து இவர் சீன் வந்தது. பஸ் ஹாரன் சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாத்திர மூடி திறக்கிற சத்தம். அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமில்லை. அப்புறம் இவர் குரல். எத்தனை பெரிதாக இருந்தது அந்த ஹாலில்! வீட்டில் தண்ணி கேட்கிற அதே குரல்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் எண்ணிக்கை தப்பும்.

கதவு திறந்தது. ஒன்று, இரண்டு. அப்புறம் மூன்று பொம்பிளைகள் சேர்ந்து. அப்புறம் காலேஜ் பையன்கள் வரிசையாக. குனிந்துகொண்டே போனார்கள், என் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. மொத்தம் முப்பத்தொன்று. இந்தப் படத்தில் வேறு எந்த சீனுக்கும் ஒன்பதுக்கு மேல் தாண்டவில்லை.

ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன். ஒரு மூன்று, ஒரு ஒன்று. பதினொன்று என்று எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? எழுதவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

கம்பெனியில் மீட்டிங். முதலாளி ரிப்போர்ட்டை ஒரு தட்டு தட்டினார். "பாத்தியாய்யா யூசுப்பு? சண்டைக்கு ஒருத்தன் எழுந்திரிக்கல. பாட்டுக்கு ஒன்பது பேர். இவருக்கு முப்பத்தொண்ணு. பழக்கமில்லாத மூஞ்சி, பாட்டு கிடையாது, ஹீரோ கிடையாது. நாலு நிமிஷம் ஒருத்தன் சோறு திங்கிறதை எவன் பாப்பான்?"

யூசுப் அழாத குறை. "சார், அந்த நாலு நிமிஷமும் தியேட்டர்ல ஒரு சத்தம் இல்ல சார்."

"சத்தம் இல்லன்னா தூங்கிட்டான்னு அர்த்தம். ஜனங்க எதுக்கு வராங்க? ரெண்டரை மணி நேரம் வீட்டை மறக்கணும்னு வராங்க. நீ வீட்டைத் தூக்கிட்டு வந்து திரையில காட்டற. எழுந்து போகாம என்ன பண்ணுவான்? தூக்கிடு."

யூசுப் என்னைப் பார்த்தான். நான் தண்ணி பாட்டிலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறார். தலைகூடச் சீவியிருக்கிறார். பேச்சை மாற்றிப் பார்த்தேன். முருங்கைக்காய் விலை, மேல் மாடி வீட்டுக்காரி தண்ணி மோட்டாரை நிறுத்தாமல் போனது. விடுவாரா?

"எத்தனை பேரு ரெஜி?"

"எதுக்கு இப்ப அது?"

"உன் கதவைக் கேக்கறேன். சொல்லு."

சொன்னேன். இருபத்தெட்டு வருஷத்தில் இவரிடம் நான் பொய் சொன்னதில்லை, அதற்காக.

"முப்பத்தொண்ணா?" என்றார். விரலை மடக்கி ஏதோ எண்ணுகிற மாதிரி இருந்தார். "எந்த இடத்துல?"

"மூடியைத் தொறந்த இடத்துலேர்ந்து."

"ம். நான் இழுத்துட்டேன். யூசுப் தம்பி கட் சொல்லாம விட்டுட்டாரு, நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஜனங்களுக்கு என்ன தலையெழுத்தா?" இருமிவிட்டு, "தூக்கிடச் சொல்லு ரெஜி. படம் ஓடணும்" என்றார். அப்புறம், "நீ பாத்தியா?"

"நான் எங்க பாக்கறது? வேலை இருந்துச்சு."

சரி என்று தலையாட்டினார்.

செப்டம்பர் 6, புதன்

கஞ்சி இரண்டு ஸ்பூன். போதும் என்றார்.

செப்டம்பர் 8, வெள்ளி

மாதா திருநாள். வருஷா வருஷம் பெசன்ட் நகர் கோயிலுக்கு நடந்தே போவோம், இந்த வருஷம் இவரால் மாடிப்படி இறங்க முடியவில்லை. மூன்று படி இறங்கி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு மெர்வின் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் விட்டான். "அடுத்த வருஷம் போவோம், என்ன அவசரம்" என்றேன். "ம்" என்றார்.

நான் மட்டும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். கூட்டம் சொல்லி மாளாது. செருப்பு ஒன்று காணாமல் போய்விட்டது. ஒற்றைச் செருப்பைத் திருடுகிறவன் அதை வைத்து என்ன பண்ணுவானோ!

திரும்பி வந்தபோது மெர்வின் இவரிடம், "அண்ணே, உங்க படம் எப்பண்ணே? தெருவே வரோம் பாக்கறதுக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இவர், "அட நீ வேற. கூட்டத்துல நிக்கறேன்டா, கண்ணு நல்லா தெரிஞ்சா கண்டுபிடிக்கலாம்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் அடுப்படிக்குள் போய்ச் சும்மா ஒரு பாத்திரத்தைத் தேய்த்தேன்.

டாக்டருக்குப் போன் பண்ணினேன். சாப்பிட மாட்டேன் என்கிறார், டானிக் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று. கட்டாயப்படுத்தாதீர்கள், கூடவே இருங்கள் என்றார். கூடவே இருப்பதற்கு டாக்டர் எதற்கு? ஒரு டானிக் எழுதித் தரத் துப்பில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

என்னை எதால் அடிப்பது?

இன்றைக்கு வேறொரு படத்துக்குப் பிரிவ்யூ. அதே தியேட்டர். ஆரம்பிப்பதற்கு முன்னால் கேன்டீன் பலராமனிடம் டீ வாங்கினேன். சும்மா பேச்சுக்கு, "போன வாரம் நல்ல வியாபாரமா? முப்பது பேருக்கு மேல ஒரே நேரத்துல வெளிய வந்தாங்களே" என்றேன்.

"எங்கம்மா? ஒரு பப்ஸ் போகல. எல்லாம் படிக்கட்டுல நின்னு போன் பேசிட்டு இருந்துச்சுங்க. ஒரு பொண்ணு அந்தத் தூணுக்குப் பின்னாடி நின்னு ஒரே அழுகை. நான்தான் தண்ணி குடுத்தேன். சாவு சேதி ஏதும் வந்துடுச்சோன்னு பாத்தேன். ரெண்டு நிமிஷத்துல மூஞ்சியைக் கழுவிட்டு எல்லாரும் உள்ள ஓடிட்டாங்க."

டீயை அப்படியே வைத்துவிட்டேன். போர் அடித்து வெளியே போகிறவன் எப்படிப் போவான் என்று எனக்குத் தெரியாதா? சாவகாசமாகப் போவான், பப்ஸ் வாங்குவான், அடுத்த பாட்டுக்குத்தான் வருவான். இவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் வந்தார்கள். திரும்ப உள்ளே வந்ததையும் நான்தானே பார்த்தேன்! போகிறவர்களைத்தான் எண்ணினேன். வருகிறவர்களை எண்ணுகிற வழக்கம் எங்கள் வேலையில் கிடையாது.

ஆபீசுக்குப் போய்ப் பழைய அட்டைக் கட்டை எடுத்தேன். பின்பக்கம் 'எழுந்து போன சீன்' என்று ஒரு கோடு உண்டு. ஏன் போனீர்கள் என்று கேட்க ஒரு கோடு இருபத்திரண்டு வருஷமாகக் கிடையாது. எனக்கும் தோன்றியதில்லை. மத்தியானம் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போன் போட்டேன்.

ஆட்டோக்காரர் ஒருத்தர், "பொய் சொல்லாம சொல்றேன் மேடம், எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு" என்றார். அது ஒன்று.

காலேஜ் பையன் ஒருவன்: "அப்பாவுக்குப் போன் பண்ணேங்க. சாப்டியாப்பான்னு கேட்டேன். அவர் பயந்துட்டாரு, என்னடா ஆச்சு, எங்க இருக்க, யார்னா அடிச்சாங்களான்னு."

"அப்புறம் ஏம்ப்பா போர்னு டிக் அடிச்ச?"

"பக்கத்துல பசங்க பாத்துட்டு இருந்தாங்க. அழுதேன்னு போடறதுக்கு அதுல கட்டமும் இல்லையே."

தையல் கம்பெனிப் பொண்ணு: "எங்கப்பா போய் எட்டு வருஷம் ஆகுது. யாருக்குப் பண்றதுன்னு தெரியாம எங்கண்ணனுக்குப் பண்ணேன். என்னடின்னான். சும்மாதான்னேன். அவனும் வைக்கல, நானும் வைக்கல." அவள்தான் சொன்னாள்: "அந்த அய்யா முள்ளை எடுத்து எடுத்து, மீனை மட்டும் மூடி ஓரத்துல ஒதுக்கி வெச்சாரு பாருங்க, பழக்கதோஷத்துல. வெச்சிட்டு, குடுக்க ஆளில்லைன்னு தெரிஞ்சதும் கொஞ்ச நேரம் பாத்தாரு. அங்கதாங்க என்னால முடியல."

யூசுப்புக்குப் போன் பண்ணி, முள் எடுக்கிறது உன் எழுத்தா என்றேன். இல்லையே அக்கா, அண்ணன் தானாகப் பண்ணினது என்றான்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கல்யாணமான புதிதில் சங்கரா மீன் முள் தொண்டையில் சிக்கி ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தோம். அன்றையிலிருந்து வீட்டில் மீன் என்றால் முதலில் எனக்கு முள் எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் இவர் வாயில் வைப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் நான்தான் பிள்ளை. அதைக் கொண்டுபோய்ப் படத்தில் பண்ணியிருக்கிறார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சீன்தான் படத்தில் இல்லையே. ஜனங்கள் அழுதார்கள், இருந்தாலும் வெட்டிவிட்டார்கள் என்றால் அது என்ன ஆறுதல்? முதலாளி வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். முழுச் சேதியாகக் கொண்டுவந்து சொல்லலாம். அரைகுறை ரிப்போர்ட் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

இருபத்துநாலு பேர் போனை எடுத்தார்கள். மூன்று பேருக்குப் பாத்ரூம். இரண்டு பேருக்கு சிகரெட். பத்தொன்பது பேர் வீட்டுக்குப் போன் பண்ணப் போனவர்கள், இல்லை அழப் போனவர்கள். எல்லாரும் சொன்னது ஒரே மாதிரி: "நல்லா இல்லைன்னு இல்லீங்க, உக்கார முடியல." வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எழுதி ரிப்போர்ட் பண்ணிவிட்டேன். பதினோரு பக்கம்.

முதலாளி ஹைதராபாத் போயிருக்கிறாராம், வியாழக்கிழமைதான் வருவார்.

இவர் என் மூஞ்சியைப் பார்த்து, "என்ன, இன்னிக்கு ஒரு தினுசா சந்தோஷமா இருக்க?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. "ஒண்ணுமில்ல, வியாழக்கிழமை சொல்றேன்" என்றேன். இளநீர் வடிகட்டிக் கொடுத்தேன். கால் டம்ளர் குடித்தார். பாதம் வீங்கியிருக்கிறது, உப்புத்தண்ணியில் ஒத்தடம் கொடுத்தேன்.

செப்டம்பர் 13, புதன்

காலையில் துடைத்துவிடும்போது சொன்னார்: "யூசுப் தம்பியை ஒரு நாள் வரச் சொல்லு ரெஜி. மன்னிப்பு கேக்கணும். நம்பிக் குடுத்தாரு, கெடுத்துட்டேன்."

"நீங்க ஒண்ணும் கெடுக்கல. பேசாம இருங்க."

"உன் கதவு பொய் சொல்லாது."

துண்டைப் பிழிந்து முதுகைத் துடைத்தேன். நாளைக்கு முதலாளி வந்துவிடுவார்.

செப்டம்பர் 14, வியாழன்

முதலாளி பதினோரு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, நான் பார்த்தேன். எனக்குள் அப்பாடா என்று இருந்தது. மேஜையைத் தட்டி, "ரெஜினா, தங்கம் நீங்க! இது தெரியாம தூக்கிட்டோமே. அப்பா சென்டிமென்ட் தூள் கிளப்புது!" என்றார்.

யூசுப் என் கையைப் பிடித்துவிட்டான் சந்தோஷத்தில்.

"இதை ஒழுங்கா பண்ணணும்யா. ஜனம் இவ்வளவு ஆசைப்படுது, நாம யாரோ ஊர் பேர் தெரியாத ஆளை வெச்சு எடுத்திருக்கோம். பேர் உள்ள ஒரு அப்பா நடிகரைப் பிடி, ஒரு நாள் கால்ஷீட் போதும். அப்பறம் இன்னொண்ணு. அவங்க ஏன் எழுந்து போனாங்க? தாங்க முடியாம. தாங்கற மாதிரி குடுக்கணும். பையன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வரான், அப்பாவைக் கட்டிப் பிடிக்கறான், ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடறாங்க, பின்னாடி பாட்டு. ஜனங்க சந்தோஷமா அழணும். ஒருத்தன் எழுந்திரிக்கக் கூடாது."

யூசுப், "சார், அவர் தனியாச் சாப்பிடறதுதான் சார் சீனே" என்றான்.

"நீ சும்மா இருய்யா. உனக்கு ரெஜினா ரிப்போர்ட்டை விடத் தெரியுமா?"

நான், "சார், அந்தப் பழைய ஆளையே..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த ஆளு?" என்றார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை.

அவர் என் வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஓஹோ, அதனால்தான் இந்த ரிப்போர்ட்டா என்று பதினோரு பக்கமும் குப்பைக்குப் போகும். அந்தப் பத்தொன்பது பேர் பொய்யாகிவிடுவார்கள். சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வரும்போது மெர்வின் போன். "அக்கா, அண்ணனுக்கு மூச்சு இழுக்குது, ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன், நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

போனேன். வாயில் மாஸ்க் போட்டிருந்தார்கள். கண் மூடியிருந்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், யாராவது பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. முதல் தடவையே புரிந்துதான் இருந்தது.

ரிப்போர்ட்டின் நகல் பையில் இருந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, இவர் காதோரம் குனிந்து, முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒன்று, காலேஜ் பையன், அப்பாவுக்குப் போன். இரண்டு, தையல்காரப் பொண்ணு, அண்ணனுக்குப் போன். மூன்று, கொரியர் ஆபீஸ் ஆள், அப்பாவோடு ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, நம்பர் போட்டு ரிங் போனதும் கட் பண்ணிவிட்டார், மறுபடி போட்டார். இப்படிப் பத்தொன்பது பேர். "ஏங்க, போர் அடிச்சுப் போகலீங்க. தாங்க முடியாமப் போனாங்க. நீங்க நல்லா பண்ணியிருக்கீங்க. நான்தான் தப்பா எண்ணிட்டேன். கேக்குதா?"

கை அசையவில்லை. கண் திறக்கவில்லை. மெஷினில் ஓடுகிற கோடு அதுபாட்டுக்கு ஓடியது. திரும்ப முதலிலிருந்து படித்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

மூன்றாவது தடவையும் படித்தேன்.

செப்டம்பர் 16, சனி

காலை ஆறு பத்து.

செப்டம்பர் 24, ஞாயிறு

எட்டாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு யூசுப் வந்தான். லேப்டாப்பில் பழைய சீனைக் கொண்டுவந்திருந்தான். "அக்கா, நீங்க பாக்கலைன்னு அண்ணன் ஒரு தடவை சொன்னாரு" என்றான். எப்போது சொன்னாரோ.

பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், சுவர் ஓரம் உட்கார்ந்து. இவர் சட்டைக் காலரில் வியர்வை. மூடியைத் திறந்ததும் வாசனை பிடிக்கிறார், அது இவர் எப்போதும் பண்ணுவது. முள்ளை எடுக்கிறார். மீனை ஓரத்தில் வைக்கிறார். வைத்துவிட்டுப் பக்கத்தில் பார்க்கிறார், யாரும் இல்லாத அந்த சிமென்ட் பெஞ்சை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. ஓடவில்லை, முழுக்கப் பார்த்தேன்.

யூசுப், "அண்ணனுக்குத் தெரிஞ்சுதாக்கா? ஜனங்க அப்படி அழுதது?" என்று கேட்டான்.

"தெரியும். சொல்லிட்டேன்" என்றேன். அவனுக்கு நிம்மதியாக இருந்தது. காப்பி குடித்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 20, வெள்ளி

படம் இன்றைக்கு ரிலீஸ். வேலையை விட்டுவிட்டேன் என்று போன வாரமே சொல்லிவிட்டாலும், இந்த ஒரு நாள் மட்டும் வந்து தியேட்டர் பாருங்கள் என்று முதலாளி கெஞ்சினார். காலை ஷோவுக்குப் போனேன். கதவோரம் நிற்கவில்லை. டிக்கெட் வாங்கி நடுவில் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்பா வந்ததும் விசில். பேர் உள்ள நடிகர், வெளுத்த சட்டை, நல்ல மனுஷன்தான், நன்றாகத்தான் அழுதார். மகன் ஓடி வந்து கட்டிப் பிடித்தான். பாட்டு ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிக்கொண்டார்கள். கைதட்டல். பக்கத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பாப்கார்ன் சாப்பிட்டாள். திரும்பிக் கதவைப் பார்த்தேன். அது சாத்தினது சாத்தினபடி இருந்தது.

வெளியே வந்ததும் முதலாளி போன். பின்னால் வெடிச் சத்தம், மேளச் சத்தம். "ரெஜினா! அப்பா சீன் எப்படிப் போச்சு?"

"ஒருத்தர்கூட எழுந்திரிக்கல சார்."

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல! எல்லாம் உங்க ரிப்போர்ட்டும்மா!" என்று கத்தினார். பாவம், அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலாளியைத் திட்டுகிறார்கள், யூசுப்கூடப் போனில் திட்டினான். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவர் பதினோரு பக்கம் கிடைத்த அன்றே உட்கார்ந்து படித்தார். நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் தேதி மத்தியானமே எனக்குத் தெரியும். பதினைந்தாம் தேதி காலையில்தான் இவருக்குச் சொன்னேன். நடுவில் நாலு நாள். அந்த நாலு நாளில் மூன்று நாள் இவர் கண் திறந்துதான் இருந்தார், பேசினார், இளநீர் குடித்தார், தன்னால் படம் கெட்டது என்று மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, வியாழக்கிழமை சொல்கிறேன் என்று காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.